தொண்டும் அரசியலும்: ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

தொண்டு என்றதும் நம் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? பசித்தவருக்குச் சோறு, நோயுற்றவருக்கு மருந்து, ஆதரவற்ற குழந்தைக்கு ஓர் இல்லம். அரசியல் என்றதும்? மேடை, கொடி, கோஷம், தேர்தல் கூச்சல். தொண்டு தூயது, அரசியல் அழுக்கானது. ஆகவே தொண்டு செய்பவர் அரசியலின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று நல்லவர்கள் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க நாட்டில் சமூகப் பணியின் தாய் என்று போற்றப்படும் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தொண்டு செய்யத்தான் புறப்பட்டார். ஆனால் அத்தொண்டே அவரை நகராட்சி அலுவலகத்துக்கும், சட்டமன்றத்துக்கும், கட்சி மாநாட்டுக்கும், இறுதியில் போரிடும் நாடுகளின் அமைச்சர்களிடமும் இழுத்துச் சென்றது. எப்படி? அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைக்காரர் மகள்

ஜேன் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள், இல்லினாய் மாநிலத்தில் செடார்வில் என்னும் சிற்றூரில் பிறந்தாள். ஒன்பது குழந்தைகளுள் எட்டாவது குழந்தை. இரண்டு வயதிலேயே தாயை இழந்தாள். போதாக்குறைக்கு முதுகெலும்பில் காசநோய் தாக்கி, முதுகு சற்றே வளைந்துவிட்டது. தன்னை அழகற்ற பெண்ணென்று எண்ணி அவள் குன்றிப்போனாள். கம்பீரமான தந்தையின் அருகில் தான் நடந்தால் அவருக்கு இழுக்கு என்று நினைத்து, வெளியூரார் கூடும் இடங்களில் சிற்றப்பாவின் பக்கம் ஒதுங்கி நடப்பாளாம்!

தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலையும் வங்கியும் நடத்தியவர். பல ஆண்டுகள் மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். லிங்கன் தமக்கு எழுதிய கடிதங்களை அவர் பொன்போல் பாதுகாத்துவந்தார். 1865-இல் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி வந்தபோது தந்தை கண்ணீர் வடித்ததைக் குழந்தை ஜேன் கண்டாள். பெரியவர்கள் அழுவார்கள் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அரசியலிலும் நேர்மையாளர் இருக்கமுடியும் என்பதற்கு அவள் வீட்டிலேயே சான்று இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

ஏழு வயது நிரம்புவதற்கு முன் ஒருநாள், தந்தையுடன் அடுத்த ஊருக்குச் சென்றாள். அங்கே ஏழைகள் வாழும் பகுதியை முதன்முறையாகக் கண்டாள். இத்தனை சிறிய, அவலட்சணமான வீடுகளில் மக்கள் ஏன் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்று தந்தையைக் கேட்டாள். அவர் விளக்கம் கூறியதும், தான் பெரியவளானால் பெரிய வீடு ஒன்று கட்டப்போவதாகவும், ஆனால் அதைப் பெரிய வீடுகளுக்கு நடுவே கட்டாமல் இத்தகைய சின்ன வீடுகளுக்கு நடுவே கட்டப்போவதாகவும் சொன்னாள். விளையாட்டுப் பேச்சுத்தான். ஆயினும் விளையும் பயிர் முளையிலேயே தெரிந்தது.

எட்டு ஆண்டுத் தவிப்பு

1877-இல் ராக்ஃபோர்டு பெண்கள் கல்விக்கூடத்தில் சேர்ந்து, 1881-இல் வகுப்பில் முதன்மை மாணவியாகத் தேறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தந்தை திடீரென்று மறைந்தார். மருத்துவராகி ஏழைகளுக்கு உதவவேண்டும் என்ற ஆசையுடன் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகுத்தண்டு நோய் மீண்டும் தலைதூக்கவே, படிப்பை நிறுத்தும்படி ஆயிற்று. அறுவைச் சிகிச்சைக்குப்பின் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

அக்காலத்தில் செல்வக் குடும்பத்துப் பெண் படித்து முடித்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு விடையே கிடையாது. திருமணம் செய்துகொள்ளலாம், இல்லையேல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து ஓவியமும் சங்கீதமும் ரசிக்கலாம். ஜேனும் 1883-இல் கப்பலேறினார். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் அவர் கண்ட காட்சி வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. திங்கட்கிழமை வரை தாங்காத அழுகல் காய்கறிகளை வண்டியில் வைத்து ஏலம் போட்டனர். கந்தலணிந்த கூட்டம் அந்த அழுகலுக்காகக் கைகளை உயர்த்தியது. ஏலத்தில் முட்டைக்கோசு பெற்ற ஒருவன் அதைக் கழுவாமல் கொள்ளாமல் அங்கேயே கடித்துத் தின்றான். அன்றுமுதல் எங்கே கைகள் உயர்ந்தாலும், குழந்தைகள் விளையாட்டாகக் கைதூக்கினாலும்கூட, அந்த வெறுங்கைகளே அவர் நினைவுக்கு வந்தன.

மீண்டும் 1887-இல் தோழி எலன் ஸ்டாருடன் ஐரோப்பா சென்றார். 1888-இல் லண்டனில் டாய்ன்பி மண்டபத்தைப் பார்வையிட்டார். பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகள் நடுவே குடியிருந்து அவர்களுடன் பழகும் இடம் அது. இளமையில் சொன்ன சொல்லுக்கு வழி கிடைத்துவிட்டது!

சின்ன வீடுகளுக்கு நடுவே

1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் சிகாகோ நகரில் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் இல்லம் திறக்கப்பட்டது. சார்லஸ் ஹல் என்பவர் 1856-இல் கட்டிய பழைய மாளிகை அது. சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், கிரேக்கர், பொஹீமியர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர் எனப் பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்த மக்கள். மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. வறுமை மட்டும் ஒன்று.

ஜேனும் எலனும் அங்கேயே குடிபுகுந்தனர். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், மழலையர் பள்ளி, மாலை வகுப்புகள், ஓவியக்கூடம், பொதுச் சமையலறை, உடற்பயிற்சிக் கூடம், தொழிற்சாலைப் பெண்கள் தாங்களே நடத்திய கூட்டுறவு விடுதி என்று பணிகள் பெருகின. இரண்டாம் ஆண்டிலேயே வாரத்துக்கு 2,000 பேர் வந்துபோயினர். பிற்காலத்தில் 13 கட்டடங்கள் கொண்ட வளாகமாக அது வளர்ந்தது. பிள்ளைப்பேறு பார்ப்பது, பிணத்தைக் குளிப்பாட்டுவது, குழந்தையைத் தாலாட்டுவது எதுவாயினும் அம்மையார் முகம் சுளிக்கவில்லை.

இம்மட்டோடு நின்றிருந்தால் அவரை ஊரே புகழ்ந்திருக்கும், எவரும் பகைத்திருக்கமாட்டார். ஆனால் கண்ணால் கண்டதைக் காணாததுபோல் இருக்க அவரால் முடியவில்லை.

மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமிகள்

ஹல் இல்லத்தின் முதல் கிறிஸ்துமஸ். அக்கம்பக்கத்துச் சிறுமிகளுக்கு மிட்டாய் வழங்கினார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டனர். மிட்டாயை மறுக்கும் குழந்தையும் உலகில் உண்டா? விசாரித்தபோது உண்மை தெரிந்தது. அச்சிறுமிகள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். பண்டிகைக் காலத்து வியாபாரத்துக்காக ஆறு வாரங்கள் காலை 7 மணிமுதல் இரவு 9 மணிவரை உழைத்துக் களைத்தவர்கள். மிட்டாயைப் பார்த்தாலே அவர்களுக்குக் குமட்டியது.

அதே குளிர்காலத்தில் இல்லத்துக்கு வந்துபோகும் சிறுவர் மூவர் ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தில் அடிபட்டனர். ஒருவன் இறந்தேபோனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு அமைத்திருந்தால் போதும். முதலாளிகள் இனியாவது அமைப்பார்கள் என்று நம்பி அம்மையார் சென்று பார்த்தார். அவர்கள் அசையவில்லை. விபத்துக்கு நஷ்டஈடு கேட்பதில்லை என்று பெற்றோரிடம் முன்னதாகவே கையொப்பம் வாங்கி வைத்திருந்தனர்.

இப்பொழுது சிந்தித்துப் பாருங்கள். அடிபட்ட சிறுவனுக்குக் கட்டுப்போடுவது தொண்டு. அடுத்த வாரம் அதே இயந்திரம் இன்னொரு சிறுவனை அடிக்கப்போகிறது என்று தெரிந்தும் கட்டுத்துணி சுற்றிக்கொண்டே இருப்பதும் தொண்டுதானா? அந்த இயந்திரத்துக்குத் தடுப்புப் போடவைக்க அன்பால் முடியவில்லை, வேண்டுகோளால் முடியவில்லை, சட்டத்தால்தான் முடியும். சட்டம் செய்யும் இடம் சட்டமன்றம்.

1891-இல் புளோரன்ஸ் கெல்லி என்னும் அறிவும் துணிவும் மிக்க பெண்மணி ஹல் இல்லத்தில் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி, குடிசைத் தையற்கூடங்களின் நிலையை அவர் கணக்கெடுத்தார். ஹல் இல்லத்தாரும் தொழிற்சங்கத்தாரும் மகளிர் சங்கத்தாரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1893-இல் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறிற்று. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் அமர்த்தக்கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. ஆளுநர் ஆல்ட்கெல்டு, கெல்லி அம்மையாரையே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமித்தார்.

இச்சட்டத்துக்காகப் போராடிய காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அந்தச் சட்டத் தொந்தரவைக் கைவிட்டால் ஹல் இல்லத்துக்கு 50,000 டாலர் கிடைக்கும் என்று உற்பத்தியாளர் சங்கத்தார் சார்பில் தூது வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு எத்தனை குழந்தைகளுக்குச் சோறு போடலாம்! அம்மையார் மறுத்துவிட்டார். மறுத்ததில் அவருக்குப் பெருமை தோன்றவில்லை, வெட்கமே தோன்றியது. அவருடைய தந்தையிடம் லஞ்சம் கொடுக்க எவனும் துணிந்ததில்லை என்பது ஊரறிந்த செய்தி. என்னிடம் வரத் துணிந்தார்களே, என்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று எண்ணி அவர் வருந்தினார்.

வெற்றி முழுமையாக நிலைக்கவுமில்லை. 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேர விதியைச் செல்லாதென்று தள்ளியது. குழந்தைகளின் கூலியை நம்பியிருந்த ஏழைத் தாய்மார் சிலரும் ஹல் இல்லத்தின்மீது கோபம் கொண்டனர். யாருக்காகப் பாடுபட்டாரோ அவர்களே வருந்தும்படி நேர்ந்தது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

கால்வாய் வெட்டப் போனவர்

1893-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். உதவி கேட்டு வந்தவர்களுள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஒருவரும் இருந்தார். வேறு வேலை கிடைக்குமானால் அதை முதலில் செய்து பார்க்கவேண்டும், அதன்பிறகே உதவி என்பது அக்காலத்து அறநிலையங்களின் விதி. கழிவுநீர்க் கால்வாய் வெட்டும் இடத்தில் வேலை இருப்பதை அம்மையார் எடுத்துச் சொன்னார். தாம் எப்போதும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவரென்றும், குளிர்காலத்தில் வெளிவேலை தமக்கு ஒத்துக்கொள்ளாதென்றும் அவர் கூறினார். ஆயினும் விதி விதிதானே! அவர் கால்வாய்க்குப் போனார். இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியாக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். அவருடைய இரு குழந்தைகளையும் அம்மையார் கடைசிவரை மறக்கவில்லை.

ஒரு மனிதனின் வாழ்க்கையை முழுதும் அறியாமல் வெறும் விதிகளைக் கொண்டு அவனுக்கு உதவமுடியாது என்ற பாடத்தை அவர் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றார். இதை அவர் மறைக்கவில்லை, நூலிலும் எழுதிவைத்தார். பட்டினியா, கால்வாயா என்று ஒரு மனிதனை நிறுத்தும் நிலையை மாற்றாமல், விதிகளைச் செம்மையாக நடத்துவது மட்டும் எப்படி அறமாகும்?

குப்பை வண்டியின் பின்னே

ஹல் இல்லம் இருந்த 19-ஆவது வட்டத்தில் குப்பை மலைபோல் குவிந்திருந்தது. தெருவோரங்களில் பெரிய மரப்பெட்டிகள். அவற்றில் பழ அழுகலும் கந்தலும் நிரம்பி வழியும். குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுவார்கள். அந்த வட்டத்தில் சாவு மிகுதி. நோயாளிக் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் கொடுத்தால் போதுமா?

இல்லத்தின் மகளிர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள், பகலெல்லாம் வீட்டுவேலை செய்து களைத்தவர்கள், மாலை நேரங்களில் சந்துசந்தாகச் சென்று பார்வையிட்டனர். இரண்டே மாதத்தில் 1,037 சட்டமீறல்களைச் சுகாதாரத் துறைக்கு எழுதினர். பயன் அதிகமில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு அம்மையாரே விண்ணப்பம் போட்டார். அது தள்ளப்பட்டது, ஆனால் ஊரெங்கும் அதே பேச்சானது. 1895-இல் மேயர் அவரையே அந்த வட்டத்தின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். காலை ஆறு மணிக்கு எழுந்து, குப்பை வண்டிகளின் பின்னாலேயே அவை கொட்டும் இடம்வரை செல்வார். ஒரு குறுகிய தெருவில் தோண்டத் தோண்ட, 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய தளம் இருப்பது தெரிந்தது! அப்படி ஒரு தளம் இருந்ததையே அத்தெருவில் குடியிருந்தோர் அறிந்திருக்கவில்லை. சாவு விகிதத்தில் நகரின் வட்டங்களுள் மூன்றாவதாக இருந்த அந்த வட்டம் ஏழாவது இடத்துக்கு இறங்கிற்று. அன்று ஹல் இல்லத்தில் அதைவிட மகிழ்ச்சியான செய்தி ஏது?

பெண்ணொருத்தி குப்பை வண்டியின் பின்னால் போவதா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் திகைத்தனர். நோயாளியைப் பேணுவது பெண்மைக்கு அழகென்றால், நோய் வராமல் தடுப்பதும் பெண்மைக்கு அழகே என்று அம்மையார் அவர்களுக்கு எடுத்துரைத்தார். குடும்பத்தைக் காப்பவள் வாசற்படியோடு நின்றுவிட முடியாது. வீட்டுக்குள் வரும் பாலும், தண்ணீரும், காற்றும் நகராட்சியின் கையில் இருக்கும்போது, நகராட்சியும் அவள் பொறுப்பே அன்றோ!

தோல்வி கற்பித்த பாடம்

அந்த வட்டத்தின் கவுன்சிலர் ஜானி பவர்ஸ் என்பவர் ஊழலுக்குப் பேர்போனவர். குப்பைக்கும் பள்ளிப் பற்றாக்குறைக்கும் அவருடைய ஆதிக்கமே காரணம் என்று உணர்ந்த ஹல் இல்லத்தார், 1896-லும் 1898-லும் அவரை எதிர்த்துத் தேர்தல் வேலை செய்தனர். இருமுறையும் பவர்ஸே வென்றார்.

தோற்றவர்கள் வழக்கமாக மக்களை ஏசுவார்கள். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. மக்கள் ஏன் அவருக்கே வாக்களித்தனர் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஏழை வீட்டில் சாவு என்றால் பவர்ஸ் வந்து அடக்கச் செலவை ஏற்பார். திருமணம் என்றால் பரிசளிப்பார். வாடகை கட்ட முடியாதவனுக்குப் பணம், சிறைப்பட்டவனுக்கு ஜாமீன், வேலையற்றவனுக்கு நகராட்சி வேலை, கிறிஸ்துமஸுக்கு வான்கோழி. அது யார் வீட்டுப் பணம் என்று மக்கள் கேட்கவில்லை. துன்பத்தில் வந்து நின்றாரா என்றுதான் பார்த்தனர். ஆதலால் மக்களின் சுகதுக்கங்களில் பங்குகொள்ளாமல் நேர்மையை மட்டும் போதிப்பவர் அரசியலில் வெல்லமாட்டார் என்று அவர் கண்டார். தொண்டரிடம் அரசியல் இருக்கவேண்டும் என்பது ஒரு பாடம். அரசியலாளரிடம் தொண்டு இருக்கவேண்டும் என்பது மறுபாடம்.

1896-இல் அம்மையார் ரஷ்யா சென்று டால்ஸ்டாய் பெருமகனைக் கண்டார். அவர் அம்மையாரின் அகன்ற சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அதிலுள்ள துணியில் ஒரு சிறுமிக்குச் சட்டை தைக்கலாமே என்ற பொருளில் கூறினார். உடலுழைப்பின்றி உண்பது தகாது என்றும் உணர்த்தினார். வெட்கமுற்ற அம்மையார், ஊர் திரும்பியதும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவதென்று உறுதி பூண்டார். வந்து பார்த்தால் வாசலில் மக்கள் காத்திருக்கிறார்கள். பிரிக்காத கடிதங்கள் குவிந்திருக்கின்றன. இவர்களை நிறுத்திவைத்துவிட்டு என் மனத்தூய்மைக்காக ரொட்டி சுடுவதா என்று எண்ணி, அந்த உறுதியைக் கைவிட்டார். தம் கை அழுக்காகாமல் இருப்பதைவிடப் பிறர் துன்பம் தீர்வதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மாநாட்டு மேடையில்

ஹல் இல்லத்தாரின் முயற்சியால் 1899-இல் சிகாகோவில் சிறுவர் நீதிமன்றம் ஏற்பட்டது. அந்நாட்டில் அதுவே முதலாவது. அதுவரை தவறு செய்த சிறுவர்களும் பெரிய குற்றவாளிகளுடன் சிறையில் கிடந்தனர். 1912-இல் மத்திய அரசு குழந்தைகள் நலத்துறையை நிறுவியபோது, ஹல் இல்லத்து ஜூலியா லாத்ராப் அம்மையாரே அதன் முதல் தலைவரானார். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1905 முதல் 1909 வரை சிகாகோ கல்விக் குழுவில் பணிபுரிந்தார். பின்னர், அமெரிக்க அறநிலையத் தொண்டர்களின் தேசிய மாநாட்டுக்குத் தலைவரான முதற் பெண்மணி என்ற சிறப்பும் பெற்றார்.

1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய முற்போக்குக் கட்சியின் மாநாடு சிகாகோவில் கூடியது. குழந்தைத் தொழில் ஒழிப்பு, பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, வேலைநேர வரம்பு, பெண்களுக்கு வாக்குரிமை முதலிய கோரிக்கைகளை அக்கட்சி ஏற்றது. ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்து அம்மையார் மேடையில் பேசினார். ஆனால் அந்தத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவருக்கே கிடையாது!

சமூகப் பணியாளர் சிலர் இதைக் கண்டித்தனர். எல்லாக் கட்சியாருக்கும் பொதுவான தொண்டர் ஒரு கட்சியில் சேரலாமா என்று கேட்டனர். அக்கேள்வி அற்பமானதன்று. அக்கட்சி ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல் கட்டவேண்டும் என்று தீர்மானித்தது. அம்மையாரோ சமாதானத்தை நாடியவர். தென் மாநிலங்கள் சிலவற்றிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு மாநாட்டில் இடம் மறுக்கப்பட்டது. 1909-இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் தோன்றக் காரணமான அறிக்கையில் கையொப்பமிட்டவர் அம்மையார். அவர் எதிர்த்து வாதாடினார், பலிக்கவில்லை. ஆயினும் கட்சியை விட்டு விலகவில்லை. அது சரியா என்று அன்றே பலர் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அரசியலில் இறங்குபவர் விட்டுக்கொடுக்கும் சிலவற்றுக்கு விலையைப் பிறர் கொடுக்க நேரிடும். இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதினால் அது முகஸ்துதியாகிவிடும்.

புகழை இழந்த நாட்கள்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1915 ஏப்ரலில் ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடினர். ஒருவரோடொருவர் போரிடும் நாடுகளின் பெண்களும் அங்கே அருகருகே அமர்ந்தனர். அம்மையார் தலைமை தாங்கினார். பின்னர், நடுநிலை நாடுகள் சமரசம் பேசவேண்டுமென்று வேண்டித் தலைநகர் தலைநகராகச் சென்று அமைச்சர்களைச் சந்தித்தார்.

நாடு திரும்பி நியூயார்க்கில் பேசுகையில், ஈட்டிமுனைத் தாக்குதலுக்குமுன் படைவீரர்களுக்கு மது முதலியன கொடுப்பதாகத் தாம் கேள்வியுற்றதைக் குறிப்பிட்டார். வீரர்களின் வீரத்தை இழிவுபடுத்திவிட்டாரென்று பத்திரிகைகள் பாய்ந்தன. 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நேற்றுவரை நாட்டின் தலைசிறந்த பெண்மணி என்றவர்கள் இன்று துரோகி என்றனர். நண்பர்கள் விலகினர், மேடைகள் மூடின. அக்காலத்தில் உணவைச் சிக்கனமாகச் செலவிட்டுப் பசித்த நாடுகளுக்கு அனுப்புமாறு ஊர் ஊராகப் பேசுவதில் அவர் ஆறுதல் கண்டார். போர் முடிந்ததும் 1919-இல் ஜெர்மனி சென்று, தோற்ற நாட்டின் பட்டினிக் குழந்தைகளைக் கண்டு உதவி திரட்டினார். பகைவர் பிள்ளைக்கும் பசி ஒன்றுதானே! அவ்வாண்டில் தோன்றிய சமாதானத்துக்கும் விடுதலைக்குமான அனைத்துலக மகளிர் சங்கத்தின் தலைவராக 1929 வரை விளங்கினார். 1923-இல் உலகப் பயணத்தின்போது நம் பாரத நாட்டுக்கும் வந்தார். அப்போது காந்தியடிகள் சிறையில் இருந்தார்.

காலம் மெல்லத் திரும்பியது. 1931-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. பரிசளிப்பு நாளில் அவர் பால்டிமோர் நகர மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தார். பரிசுப் பணத்தை மகளிர் சங்கத்துக்கே அளித்துவிட்டார். 1935-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் சிகாகோவில் உயிர்நீத்தார். ஹல் இல்லத்து முற்றத்தில் வைக்கப்பட்ட அவருடைய உடலைக் காண ஆயிரக்கணக்கான எளிய மக்கள் வரிசையாக வந்தனர். பிறந்த ஊராகிய செடார்வில்லில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் கற்பது என்ன?

ஹல் இல்லத்தின் கட்டடங்களுள் பெரும்பாலானவை 1960-களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டன. பழைய மாளிகை அருங்காட்சியகமாக நிற்கிறது. அவர் பெயரால் பணி நடத்திவந்த சங்கமும் 2012-இல் பணமின்றி மூடப்பட்டது. ஆனால் அவர் காட்டிய வழி மறையவில்லை. இன்று அமெரிக்கச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் வகுத்துள்ள நெறிமுறைகளில், சமூக, அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபடுவது சமூகப் பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகத் தனியே இடம்பெற்றுள்ளது. அம்மையார் கண்டனத்துக்கு ஆளான செயல் இன்று தொழில் அறமாகிவிட்டது!

அன்புத் தோழியரே, அவருடைய அரசியலில் மூன்று தன்மைகளைக் காண்கிறோம். முதலாவது, அவர் கண்ணால் காணாததைப் பேசவில்லை. ஏழைகளுடன் குடியிருந்த பிறகே ஏழைகளுக்காகச் சட்டம் கேட்டார். இரண்டாவது, தமக்கென்று எதையும் கேட்கவில்லை. கிடைத்த பதவி குப்பை ஆய்வாளர் பதவியே ஆயினும் காலை ஆறு மணிக்கு எழுந்து அதைச் செய்தார். மூன்றாவது, புகழ் போகும் என்று தெரிந்தும் தம் மனச்சான்றுக்கு மாறாகப் பேசவில்லை.

அரசியல் என்பது தேர்தல் நாளில் மட்டும் நடப்பதன்று. நம் தெருவில் சாக்கடை ஏன் தேங்குகிறது, பள்ளிக்கு வரவேண்டிய சிறுமி ஏன் வேலைக்குப் போகிறாள் என்று காரணம் கேட்பது அதன் தொடக்கம். கேட்டு, எழுதி, பலரைச் சேர்த்து, பொறுப்பானவரிடம் கொண்டுபோய் நிறுத்துவது அதன் அடுத்த படி. பன்னிரண்டு பெண்கள் 1,037 புகார்களை எழுதியது இதைத்தான். அவர்களுள் ஒருவருக்கும் அந்நகரின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க வாக்கு இல்லை. ஜேன் ஆடம்ஸ் அம்மையார் முதன்முதலாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1913-இல், தமது 52-ஆவது வயதில். நமக்கோ 18 வயது நிரம்பியதும் அவ்வுரிமை வந்து சேர்கிறது. கட்டுப்போடும் கையும் வாக்களிக்கும் கையும் ஒரே கைதான் என்பதை மறவாதிருப்போமாக!